கல் போட வேண்டாம், மகள்

எத்தாளை,
ஓகஸ்ட் 9

அன்பு மகள் ஷிஹாராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வாப்பா எழுதுகிறேன். எனக்கு இடது முழங்காலும் உன் உம்மாவுக்கு நானும் என்பதைத் தவிர வீட்டில் வேறு நோய் நொடி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். உங்கள் சீனத்துக் குன்மிங்கில் மழை விடவில்லை என்று உம்மா சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது செருப்பை விட்டுச் சப்பாத்தைப் போடு. டொக்டராகப் போகிறவளுக்குச் சளி பிடித்தால் பார்க்கிறவன் சிரிப்பான்.

பதினாறு நாள் பேசாமல் இருந்துவிட்டுப் போன வெள்ளிக்கிழமை "ஏன் வாப்பா?" என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லப் போனைக் கையில் எடுத்துப் பதினொரு தரம் பேசிப் பார்த்தேன். ஏழாவது தரம் நல்லாக வந்தது, நடுவில் உம்மா புகுந்து "மகள், இந்த மனிசன்ட கதைய கேக்காதீங்க" என்று சொன்னதால் அதையும் அழித்தேன். அதோடு நீ என் குரலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாய் என்று இல்மா சொல்லிவிட்டாள். மனிதன் பாடுபட்டு ஒரு நியாயம் சொல்ல, அது குளத்துத் தாரா கத்துகிற மாதிரி உன் காதில் விழுந்தால் என்ன மரியாதை? கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புவதும் இல்மாதான். அவள் வாப்பாவுக்கு இது தெரியாது. எதிரி வீட்டுப் பிள்ளையைக் கொண்டே தபால் நடத்துகிறேன், பார்த்துக்கொள்.

எதிரி என்று நான் சொல்வது உன் மாமாவைத்தான். சாஹுல் ஹமீது மச்சான் சங்கத் தலைவரானதிலிருந்து சாரத்தைக்கூட மடித்துக் கட்டுவதில்லை. கடற்கரையில் கருங்கல் அணை போட வேண்டும் என்று மூன்று வருஷம் அலைந்து அனுமதி எடுத்தவர் அவர். அதை நான் மறுக்கவில்லை, மனிதர் உழைத்திருக்கிறார். அணை எங்கள் காணியில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுதான் கடலுக்குக் கிட்ட. வீட்டு உறுதிப் பத்திரம் உன் பெயரில். பதினெட்டு வயதில் உனக்கு எழுதி வைத்த வீடு, பெண் பிள்ளைக்கு எல்லாரும் செய்கிறதுதான். ஆகவே என் சம்மதம் ஒருவருக்கும் தேவையில்லை. மாமா உனக்கு அனுப்பிய படிவத்தில் நீ இந்த மாதம் இருபத்தைந்தாம் திகதிக்கு முன் கையெழுத்துப் போட்டால் லொறி வரும், கல் விழும். போடாவிட்டால் அந்த அனுமதியும் கல்லும் வேறு ஊருக்குப் போய்விடும்.

நீ போடக் கூடாது என்று நான் சொன்னேன். சங்கக் கூட்டத்தில் எழும்பி, நூறு பேருக்கு முன்னால் சொன்னேன். அதற்கு மாமா எல்லாருக்கும் கேட்கும்படி, "மச்சான், கடல் திங்கிற வூட்டுக்கு எவன் மாப்புள தருவான்? புள்ளட வாழ்க்கையோட வெளாடாதீங்க" என்றார். உம்மா பெண்கள் பக்கத்தில் இருந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது உனக்கு வந்து சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு நடந்த கூத்தும் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் மாமா அதை மிளகாய் போட்டுச் சொல்லியிருப்பார். உப்பு மட்டும் போட்டு நான் சொல்கிறேன்.

வீட்டுக்கு அத்திவாரம் போட்ட வருஷத்திலிருந்து நான் கடலை அளந்து வருகிறேன் அல்லவா? மாசி மாதம் கடல் அடங்கிக் கிடக்கும்போது, பின்பக்கக் கிணற்றடியில் தொடங்கி, வீட்டைத் தாண்டி, அலை நனைக்கிற இடம் வரைக்கும் கவடு வைத்து நடப்பேன். உன் ஆறாம் வகுப்புக் கணக்குக் கொப்பியின் பின்பக்கம்தான் பதிவு. முதல் வருஷம் எண்பது கவடு. இந்த வருஷம் எண்பத்துநாலு. பதினாலு வருஷத்தில் கடற்கரை நாலு கவடு வளர்ந்திருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கூட்டத்தில் கொப்பியை உயர்த்திப் பிடித்தேன். கடல் எடுக்கும், பிறகு தரும், எடுத்ததைவிட நாலு கவடு கூடவே தந்திருக்கிறது, கல் எதற்கு என்று கேட்டேன். சிலர் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு தரம் கணிதம் கோட்டைவிட்டவன், அன்றைக்கு நூறு பேருக்குக் கணக்குப் படிப்பித்தேன்.

அணை வேலைக்குக் கொழும்பிலிருந்து நிலானி என்று ஒரு பொறியியலாளர் பிள்ளை வந்திருந்தாள். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அதை நான் மறக்கமாட்டேன். கிணற்றிலிருந்து வீட்டு வாசற்படிக்கு நாற்பது கவடு என்று முதல் பக்கத்தில் அத்திவாரக் கணக்கு இருந்தது. "அங்கிள், இத மட்டும் இன்னொருக்கா நடந்து காட்டுவீங்களா?" என்றாள். அதற்கென்ன என்று நடந்தேன். கூட்டம் முழுக்கப் பின்னால் வந்தது. எண்ணியது மாமா, உரத்த குரலில். நாற்பது வந்தது, வாசற்படி வரவில்லை. நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்திரண்டாவது கவட்டில்தான் என் கால் படியில் பட்டது.

பிறகு பின்னாலிருந்து யாரோ, "நெய்னா நானா, வூடு கடலுக்கு நடக்குது, புடிச்சிக் கட்டுங்க!" என்று கத்தினான். அதோடு கூட்டம் உடைந்தது. மாமா என் தோளில் கை வைத்து, "மச்சான், ஒங்கட கால நம்பி ஊர வைக்கேலாது" என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? வீடு நகரவில்லை. என் கவடுதான் சுருங்கியிருக்கிறது. படகில் விழுந்து முழங்கால் போனதும், அறுபது வயது தாண்டியதும் எனக்குத் தெரியாமல் என் காலுக்குத் தெரிந்திருக்கிறது. நிலானி நாடாவைப் பிடித்துப் போனில் கணக்குப் போட்டாள். கிணற்றிலிருந்து படிக்கு நூறு அடி, அதற்கு அன்றைக்கு நாற்பது கவடு, இன்றைக்கு ஐம்பத்திரண்டு. முதல் வருஷம் வாசற்படியிலிருந்து கடல் நூறு அடி. இந்த மாசியில் அறுபத்தொரு அடி. வளர்ந்த நாலு கவடு எங்கே? முப்பத்தொன்பது அடி போயிருக்கிறது, மகள். பதினாலு வருஷமாக நான் கடலை அளக்கவில்லை. என்னைத்தான் அளந்துகொண்டிருந்தேன், அதுவும் பிழையாக.

அத்தோடு நான் அடங்கிவிடுவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். உம்மா அன்றைக்கே உனக்குப் போன் எடுத்து "வாப்பா சரிப்பட்டுட்டார், நீங்க போட்டனுப்புங்க" என்று சொன்னாளாம். சரிப்படவில்லை. அதைத்தான் நீ ஏன் என்று கேட்கிறாய்.

குற்றம் ஒரு பகுதி உன்னுடையது. முதல் வருஷம் அங்கே பாஷை படித்தபோது, தோட்டம் செய்கிற ஒரு வயதான டீச்சரைப் பற்றிச் சொன்னாய், நினைவிருக்கிறதா? தாவோ என்றால் வழி, எல்லாப் பொருளுக்கும் ஒரு போக்கு இருக்கிறது, அதை வருத்தாமல் அதோடு போகப் பழக வேண்டும், அதற்கு முதலில் பார்க்கப் பழக வேண்டும், பார்க்கிற மனிதன் தன்னைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால்தான் பார்ப்பது விளங்கும் என்று. வலிந்து ஒன்றும் செய்யாமல் இருப்பதே அவர்களுக்குப் பெரிய வேலை என்றாய். இதைத்தானே நான் முப்பது வருஷமாகச் செய்கிறேன், உம்மா அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருக்கிறாள் என்று பதில் அனுப்பினேன். நீ சிரித்துச் சிரித்து அனுப்பிய குரலை இன்னும் வைத்திருக்கிறேன். உம்மா மட்டும் இது என்ன மார்க்கம் என்று பயந்தாள். மார்க்கம் மாறவில்லை, அஸீஸா, சாரம்கூட மாறவில்லை, படைத்தவன் படைத்ததைப் பார்ப்பதற்கு யார் தடை என்று சொல்லிவைத்தேன்.

கூட்டத்துக்கு மறுநாள் அந்தக் கதை ஞாபகம் வந்தது. அளக்கிறவன் பிழை என்றால், அளக்காமல் பார்த்தால் என்ன? மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் பாங்கு வரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்தேன். கொப்பி இல்லை, பேனை இல்லை. முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. என் மானம்தான் தெரிந்தது. மாமாவுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று அலைக்கு ஒரு பதில் யோசித்தேன். நாலாம் நாள் பதில்கள் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் கடல் கண்ணில் பட்டது.

தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றில் அலை நேராக வருவதில்லை, மகள். தெற்கிலிருந்து சரிந்து வருகிறது, ஏறும்போது மண்ணைத் தூக்குகிறது, இறங்கும்போது ஒரு முழம் வடக்கே வைக்கிறது. அடுத்த அலை இன்னொரு முழம். தேங்காய்ப் பொச்சுமட்டை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், மஃரிபுக்குள் எங்கள் வேலியைத் தாண்டி வடக்குப் பக்கத்து யோசேப்பின் பாட்டுக்கு, அவன் கரைவலை இழுக்கிற கரைத் துண்டுக்குப் போய்விட்டது. அடுத்த நாளும் அப்படியே. எங்கள் வாசலில் கிடக்கிற மண் எங்களுடையது இல்லை. தெற்கே யாரோ ஒருவரின் வாசலிலிருந்து வந்தது, வடக்கே யோசேப்பின் வாசலுக்குப் போகிறது. என் வீடு, என் கரை என்று உட்கார்ந்து பார்த்த நாளெல்லாம் மண் களவு போயிற்று. அந்த 'என்'னைச் செருப்போடு சேர்த்துப் படிக்குக் கீழே விட்டுவிட்டுப் பார்த்தேன். மண் நடக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் ஒரு கவடு இருக்கிறது.

நிலானி மறுபடி வந்தபோது இதைக் கேட்டேன். இந்த இடத்தில் கல்லைப் போட்டு மண்ணை மறித்தால் வடக்கே யோசேப்பின் பாடு என்ன ஆகும்? அந்தப் பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவள். "அங்க கொஞ்சம் அரிக்கும், அங்கிள்" என்றாள். பிறகு? "பிறகு அங்கயும் கல் போடலாம்." அதற்கு வடக்கே? பேனையை மூடினாள். அப்படியே கற்பிட்டி வரைக்கும் போட்டுவிட்டு, மிச்சக் கல்லை மன்னாருக்கு ஏற்றலாமா என்று கேட்டேன். அப்போதுதான் முதல் தரம் சிரித்தாள்.

யோசேப்பை உனக்குத் தெரியும், பெருநாளைக்கு நம் வீட்டு வட்டிலப்பத்தை நம்மைவிட முந்தித் தின்கிறவன். அவன் பாட்டில் இருபத்திரண்டு பேர் வலை இழுக்கிறார்கள். கல் கிடக்கிற, குழி விழுந்த கரையில் கரைவலை இழுக்க முடியாது, வலை கிழியும், ஆள் விழுவான். அவன் கூட்டத்துக்கு வரவில்லை. வடக்குப் பக்கத்துக்காரரை ஒருவரும் கூப்பிடவில்லை. நானாகப் போய்ச் சொன்னபோது கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல், "ஒங்கட மகள்ட வூடு, நானா. நான் என்னத்த சொல்ல?" என்றான். சண்டை பிடித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இதை மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான்: "அப்ப வூட்ட கடலுக்குக் குடுக்கப் போறீங்களா?" அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பதில் இப்போது இருக்கிறது.

வீட்டை எடுத்து உள்ளே வைப்போம். கிணற்றுக்கு அந்தப் பக்கம், வெங்காயம் போடுகிற துண்டில். கதவு, ஜன்னல், ஓடு, மரம் எல்லாம் கழற்றலாம். சீமெந்துக் கல்லில் பாதி தேறும் என்று மேசன் சொல்கிறான். தரை மட்டும் கடலுக்கு. உச்சமுனையில் மீன்பிடிக்கக் கிடுகால் வாடி போட்டிருந்த காலத்தில் வருஷத்துக்கு இரண்டு தரம் இதைத்தான் செய்தோம். காற்று மாறினால் கிடுகைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போவோம். கடலிடம் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. அந்தக் காலம் நல்ல காலம் என்று நினைத்துவிடாதே. குடிக்கத் தண்ணீர் இல்லை, கடிக்க நுளம்பு மட்டும் தாராளம். ஆனால் நகரத் தெரிந்திருந்தது. சீமெந்து வந்தபிறகு கடல் நமக்காக நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டோம், நானும் சேர்த்துத்தான். அத்திவாரத்தில் ஒரு மூட்டை சீமெந்து கூடப் போடச் சொல்லி மேசனோடு சண்டை பிடித்தவன் நான்தான்.

உறுதியில் உள்ள வீட்டில் நீ சொல்லாமல் ஓர் ஓட்டைக்கூடத் தொடமாட்டேன். ஆனால் பின்னால் இறக்கியிருந்த குசினி உறுதியில் இல்லை. அது நான் கட்டியது. அதைப் போன திங்கட்கிழமை கழற்றி வெங்காயத் துண்டில் வைத்துவிட்டேன். உம்மா கொதித்தாள். "கடல பாக்குறன் கடல பாக்குறன் எண்டு என்ட அடுப்ப தெருவுல போட்டுட்டாரு" என்று ஊருக்கெல்லாம் சொல்லி, இரண்டு நாள் மாமா வீட்டில் போயிருந்தாள். நான் சமைத்தேன். அதை விவரிக்க வேண்டாம். மூன்றாம் நாள் வந்தாள், மீன் அறுத்தாள், சோறு போட்டாள். சாப்பிட்டு முடிகிற நேரம், இங்கே காற்று அடுப்பை அணைப்பதில்லை என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை, சட்டிக்குத்தான் சொன்னாள். நானும் கேட்காத மாதிரி இருந்தேன்.

போக்கோடு போக வேண்டும் என்கிறவர் ஏன் ஊரோடு மல்லுக்கட்டுகிறார் என்று நீ கேட்பாய். கடலோடு எனக்குச் சண்டையில்லை. கடலோடு சண்டை பிடி என்கிறவர்களோடுதான். சும்மா இருக்கிற மனிதனைச் சும்மா இருக்கவிடாமல் கல்லைக் கொண்டுவந்தால், சும்மா இருப்பதற்கே சண்டை போட வேண்டியிருக்கிறது. உன் டீச்சரிடம் கேட்டுப் பார், இதற்கு அவர்களிடம் வேறு வழி இருந்தால் எழுது.

பிறகு மாப்பிள்ளை விஷயம். கல் அணைக்குப் பின்னால் இருக்கிற பெண்தான் வேண்டும் என்கிறவன் கல்லையே கட்டட்டும்.

உறுதி உன்னுடையது, முடிவும் உன்னுடையது. நீ கையெழுத்துப் போட்டால் நான் ஒதுங்கி நிற்பேன் என்று எழுதத்தான் இருந்தேன். நல்ல வாப்பா அப்படித்தான் எழுதுவார். ஆனால் அது பொய். லொறி வந்தால் ஒரு கதிரையைக் கொண்டுபோய் வழியில் போட்டு உட்காருவேன். முழங்கால் நிற்க விடாது, அதனால்தான் கதிரை. பொலிஸ் வந்தால் கதிரையோடு தூக்கட்டும். ஊர் இன்னொரு தரம் சிரிக்கும். ஒரு தரம் சிரித்ததைத் தாங்கியாயிற்று, இரண்டாவது அவ்வளவு வலிக்காது. பதினாலு வருஷம் பிழையாகப் பார்த்தவன் என்ற பெயர் எனக்கு இருக்கட்டும். சரியாகப் பார்த்தபிறகும் பேசாமல் இருந்தவன் என்ற பெயர் வேண்டாம்.

நீ படிப்பு முடிந்தும் அங்கேயே நிற்பதைப் பற்றி உம்மாவிடம் ஏதோ சொன்னாயாம். அது எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கும் ஒரு போக்கு இருக்கும், அதற்குக் குறுக்கே கல் போடுகிறவன் நான் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கப் பழகுகிறேன். கடலைப் பார்ப்பதைவிட அது கஷ்டமாக இருக்கிறது.

வீட்டை நகர்த்த நீ ஓம் என்றால் காற்று விழுந்ததும், மழைக்கு முன் வேலையைத் தொடங்கலாம். யோசேப்பு தன் ஆட்களோடு வந்து மரம் தூக்குவதாகச் சொல்லியிருக்கிறான். உம்மா புது வீட்டில் தன் அறையை ஏற்கனவே மனதுக்குள் கட்டி முடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன், நேற்று வெங்காயப் பாத்தியில் நின்று நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நீளமான பதில் எழுத வேண்டாம். நீ வந்து தங்குகிற அறைக்கு ஜன்னலைக் கடல் பக்கம் வைக்கட்டுமா, தோட்டப் பக்கம் வைக்கட்டுமா, அதை மட்டும் எழுது. மேசன் கேட்கிறான்.

அல்லாஹ் உன் கண்ணுக்குத் தெளிவையும் காலுக்குப் பலத்தையும் தந்து, நீ நிற்கிற மண் எதுவோ அதில் உன்னைப் பத்திரமாக வைக்கட்டும். ஆமீன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
உன் வாப்பா
நெய்னா மரைக்கார்